வெள்ளரிக்குப் போட்ட உரம்

ரெஜினா அச்சில் இருப்பதை நம்புகிறவள். பால் பாக்கெட்டில் தேதி நேற்றோடு முடிந்திருந்தால், பால் நன்றாக இருந்தாலும் சாக்கடைக்குத்தான் போகும். "அரசாங்கம் பார்க்காம அச்சடிக்க விட்டுருமாடி?" என்பாள். போலந்தில் பிறந்து வளர்ந்து, இத்தனை அரசாங்கங்களைப் பார்த்த பிறகும் இப்படி ஒருத்தி.

எங்கள் சுரங்க ஊரில் ரயில் பாதையை ஒட்டி ஆளுக்கொரு தோட்டத் துண்டு உண்டு. அவள் துண்டும் என் துண்டும் பக்கத்தில் பக்கத்தில். புருஷன் போன பிறகு அவளுக்கு மிச்சம் இரண்டுதான்: வெள்ளரிக் கொடி, தம்பி காஜிக். சுரங்கத்தை மூடியதிலிருந்து காஜிக் அவள் வீட்டில்தான் இருந்தான். முப்பது தாண்டியவன், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான். ஒருநாளும் மண்வெட்டியைத் தொட்டதில்லை.

அதனால்தான் அந்த ஜூலையில் அவன் பேருக்குக் கூரியரில் வந்த பொட்டலத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பளபளப்பான சின்னப் பை. மேலே பச்சை இலைப் படம். 'செடிகளுக்கான ஊட்டம். மனிதர்கள் உட்கொள்ளக் கூடாது.'

"பாத்தியா டானுஷா, எனக்குச் சொல்லாம உரம் வாங்கிருக்கான்!"

"ஒரு ஸ்பூன்கூட இல்லையேடி. இது எந்த மூலைக்கு?" என்றேன்.

"நல்ல சரக்கு கொஞ்சமாத்தான் வரும். நீ கோழி எருவையே கட்டிக்கிட்டு அழு."

பூவாளித் தண்ணீரில் கலக்கி வெள்ளரிக்கு ஊற்றினாள். பையை வீணாக்குவாளா? நன்றாகக் கழுவிக் காயவைத்து, வெள்ளரி ஊறுகாய்க்குப் போடும் சதகுப்பை விதையைப் போட்டு வைத்தாள்.

மறுநாள் காலை காஜிக் மாடிப்படியில் விழுந்து கிடந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. தூக்கப் போனவர்களை உதைத்தான். போதைக்காக இதே பொருளில் முன்பே ஒரு பை வாங்கித் தின்று தீர்த்திருக்கிறான். வந்தது இரண்டாவது.

ஆஸ்பத்திரியில் அவனைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். டாக்டர் பெண் சின்ன வயசு. பல நாள் தூங்காத கண். எங்கள் ஊர் மரியாதைக்கு, 'அம்மா' என்பதுபோல, 'பானி' போட்டுப் பேசினாள்.

"பானி ரெஜினா, இந்த வாரம் இவர மாதிரி நிறைய பேர் வந்துட்டாங்க. என்ன தின்னாங்கன்னு தெரியாம குருட்டாம்போக்குல வைத்தியம் பாக்கறோம். அதுல துளி மிச்சம் இருந்தாக்கூடக் கொண்டுவாங்க."

ரெஜினா வீட்டுக்குப் போய் அந்தப் பளபளப்பான பையை எடுத்து வந்தாள்; அதிலிருந்த விதையைக் கைக்குட்டையில் கொட்டிவிட்டு, பையை நீட்டினாள்.

"உள்ள இருந்தது எங்கம்மா?"

"வெள்ளரிக்கு ஊத்திட்டேன். செடிக்குன்னுதானே எழுதியிருக்கு?"

"சட்டத்துக்குப் பயந்து அப்படிப் போடறாங்க. தின்ன வித்தாத்தான் குத்தம். உரம்னு வித்தா ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப பொய்யையா அச்சடிச்சிருக்கான்?"

டாக்டர் பையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினாள்.

நானும் ரெஜினாவும் ஆஸ்பத்திரி நடையில் நின்று போன் போட்டோம். சுகாதார அலுவலகத்தில், "உரம்னா எங்ககிட்ட வராது, விவசாயத் துறையக் கேளுங்க" என்றார்கள். விவசாயத் துறையில், "எங்ககிட்ட பதிவு பண்ணலன்னா அது உரமே இல்லம்மா" என்றார்கள். வார்டுக்கு வந்த போலீஸ்காரரைப் பிடித்தேன்.

"கடைய மூடினோம், விக்கறவன் இன்டர்நெட்டுக்குப் போயிட்டான். இந்த மாசந்தான் நூத்துக்கு மேல சரக்கத் தடை பண்ணி புதுச் சட்டம் வந்துருக்கு. அவன் அதுல ஒரு அணுவ மாத்திப்பான். மாத்தினது வேற சரக்கு. வேற சரக்குக்குத் தடை இல்ல."

"அப்ப இது தடையா, இல்லையா?"

"என்னன்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்?"

"என்னன்னு யாரு சொல்லுவா?"

"லேப்ல சொல்லணும். அதுக்குச் சரக்கு வேணுமே."

சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிட்டோம். ரெஜினா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி. சரக்கு தோட்டத்துல இருக்கு."

இரண்டு பேரும் கொடியடி மண்ணைத் தோண்டி, ஊறுகாய் ஜாடியில் அடைத்துக் கொண்டுபோனோம். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். டாக்டர் பெண் சிரிக்கவில்லை. ஜாடியை இரண்டு கையாலும் வாங்கி லேபுக்கு அனுப்பினாள். அங்கிருந்து பதில் வந்தது: மண்ணில் எரு இருக்கிறது, சாம்பல் இருக்கிறது, தடை செய்த சரக்கு போல ஒன்றும் இருக்கிறது, ஆனால் அதே சரக்கு இல்லை.

"போலன்னா?" என்றாள் ரெஜினா. ராத்திரி பகலாகத் தம்பி கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஜெபமாலை கையில் இருந்தது, உருட்டவில்லை. யாரிடம் எதைக் கேட்பது என்றே குழம்பிவிட்டாள் போல.

காய்ச்சல் தானாகத்தான் இறங்கியது. எதனால் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. கண் திறந்த காஜிக் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, கூரியர்ல ஒரு பை வந்துச்சா?"

"வெள்ளரி தின்னுருச்சுடா."

அவன் சிரித்தான். பிறகு அழுதான். இரண்டில் எது நிஜம் என்று அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனை வீட்டுக்குக் கூட்டி வந்த வாரம், சூப் கொண்டுபோயிருந்தேன். கதவு தட்டினார்கள். அதே கூரியர்காரன். இந்தத் தடவை நீலப் பை. 'குளியல் உப்பு. சேகரிப்போருக்கு மட்டும்.' ரெஜினா வாங்கிக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இதுக்குள்ள என்னப்பா இருக்கு?"

"குளியல் உப்புன்னு போட்டிருக்கே. கையெழுத்துப் போடுங்க."

"இந்தப் பேர்ல யாரும் இங்க இல்ல. திருப்பி அனுப்பிரு."

"பேரு கதவுலயே இருக்கே, பானி?"

"கதவுல ஆயிரம் எழுதியிருக்கும். அதையெல்லாம் நம்புவியா?"

உள்ளேயிருந்து காஜிக், "யாரு, அக்கா?" என்றான்.

"தப்பான வீடுடா."

அவன் நம்பினானா, வேண்டுமென்றே பேசாமல் இருந்தானா, தெரியாது. எழுந்து வரவில்லை.

வெள்ளரி அந்த வருஷம் கொள்ளையாய்க் காய்த்தது. தின்னலாமா என்று எல்லா அலுவலகத்திலும் கேட்டோம். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காய்கள் மஞ்சளாகித் தொங்கின. கடைசியில் ஒரு காலையில் காஜிக் தானாகவே வந்து கொடிகளைப் பிடுங்கினான். தோட்டத்துக்குள் அவன் கால் வைத்தது அன்றுதான். கையில் உறைகூட இல்லை. ஏன் வந்தான் என்று ரெஜினா கேட்கவில்லை. தன் கையுறையைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள்.