பாம்பேயை அனுப்பிய தேவன்

சாவு கட்டிலருகே வந்து நிற்பதை நான் உணர்ந்திருக்கிறேன், சகோதர சகோதரிகளே. போன ஐப்பசி மழையில் என் மகள் பிறந்தாள். பிறந்ததும் எனக்கு ரத்தப்போக்கு. நிற்கவே இல்லை.

என் ரத்தம் ஓ வகை என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். காத்திவாக்கத்தில், எங்கள் மளிகைக் கடையைச் சுற்றி, ஓ வகைக்காரர்களுக்கா பஞ்சம்? ஆனால் ரத்த வங்கியில் யாருடைய ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் திட்டுத் திட்டாய்த் திரிந்தது, கெட்ட பால் மாதிரி. கூடப்பிறந்த தம்பியின் ரத்தம்கூடச் சேரவில்லை. ஓ வகைக்காரர்களின் ரத்த அணுக்களிலும் எச் என்றொரு அடையாளப் பொருள், ஆன்டிஜென், இருக்குமாம். என்னிடம் அதுவும் இல்லை. "இந்த வகைக்குப் பேரு பாம்பே குரூப். ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டர். வேறு ரத்தம் ஏற்றினால் என் உடம்பே அதை அழித்து, என்னையும் கொன்றுவிடுமாம்.

எனக்கு என்னைப் பார்த்தே பயம் வந்தது. எனக்குள் ஓடுவது மனித ரத்தம்தானா? "ஆண்டவரே, பிள்ளைக்கு இன்னும் பால்கூடக் கொடுக்கலியே" என்று மட்டும் ஜெபித்தேன்.

வெளியே என் கணவர் போனில் எல்லோரிடமும் "பாம்பே ரத்தம் வேணும்" என்று அழுதுகொண்டிருந்தாராம். கடைக்கு எதிரே மீன் விற்கும் தனம்மா அக்கா துணைக்கு வந்திருந்தார்.

"இன்னாத்துக்கு அண்ணாச்சி அழுவுற? பாம்பே எங்க குப்பத்துலதான கீறான்! இட்டுக்கினு வரேன் இரு."

அக்கா ஆட்டோவில் போய் இழுத்து வந்தது இறால் பிடிக்கிற ஐம்பது வயதுக்காரர் ஒருவரை. பட்டப்பெயர் பாம்பே. ஈர லுங்கியோடு நின்றவரைப் பார்த்து ரத்த வங்கிப் பெண் சிரித்தேவிட்டார்.

"சிரிக்காத மா, குத்திப் பாரு" என்று அக்கா அதட்டினார்.

குத்திப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. மறுபடியும் குத்தினார்கள். அவருக்கும் அந்த எச் இல்லை. என் ரத்தத்தோடு சேர்த்தார்கள், திரியவில்லை. அவர் கொடுத்த ரத்தம் ஏறி முடிவதற்குள் ரத்தப்போக்கும் நின்றது. பிழைத்தேன்.

உடம்பு தேறியதும் மகளைத் தூக்கிக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். "பாம்பேல எத்தனை வருஷம் இருந்தீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"நான் எங்க மா போனேன்? சென்ட்ரலத் தாண்டுனதே இல்ல. கைக்கொயந்தலேந்து அப்டித்தான் கூப்புடுறாங்கோ. எவன் வெச்ச பேருன்னு எங்கம்மாவுக்கே தெரியாது."

எனக்குச் சிலிர்த்துப்போனது. நான் பிறப்பதற்கு முன்பே அந்தப் பேரை வைத்தது யார்?

இன்றைக்கும் ஜெபிக்க முழங்காலிடும்போது உடம்பு நடுங்குகிறது. ஆண்டவர் பக்கத்தில் நின்று கேட்கிறார் என்று தெரிந்துவிட்டதே! நீங்களும் அவரிடம் கேளுங்கள். உங்களுக்காக ஒருவருக்கு எப்போதோ பேர் வைத்து, அவரை ஏதோ ஒரு குப்பத்தில் வளர்த்துக்கொண்டிருப்பார்.