ஜாக்கி இறங்கிப் போன மத்தியானம்

எங்க சைட்டுல பொய் சொல்லவே முடியாதுன்னு கம்பெனிக்காரங்களுக்கு நொம்பப் பெருமை. ஏற்காட்டுல ஒரு ரிசார்ட்டு கட்டுன வேலை அது. நான் ஸ்டோர் பாத்துக்கிட்டிருந்தேன். சேலத்துலருந்து மலையேறி வர சிமெண்டு, கம்பி, தளத்துக்கு முட்டுக்குடுக்கிற இரும்பு ஜாக்கி, எல்லாத்துலயும் இடத்தைக் காட்டற ஒரு எலக்ட்ரானிக் சில்லு ஒட்டியிருக்கும். எந்த லாரி எந்த வளைவுல வருதுன்னு போன்லயே தெரியும். வந்ததும் நான் ஸ்கேன் பண்ணுவேன். பிளாக்செயின்ங்கற கம்ப்யூட்டர் கணக்குல ஒருதடவை ஏறிட்டா எந்தக் கொம்பனாலயும் திருத்த முடியாதுன்னாரு எஞ்சினியரு. நல்லதுதானே, மூட்டை திருடற பயலுக இனிமே மாட்டுவானுங்கன்னு நானும் சந்தோசப்பட்டேன்.

சென்டரிங் மேஸ்திரி என் தங்கச்சி புருசன். பக்கத்து ஊரு வெள்ளக்கடையில ஊடு. தளம் போட்டு, காங்கிரீட்டுக்குப் பலம் வந்ததும் ஜாக்கியை உருவறது அவரு வேலை. முன்னெல்லாம் நாள் கணக்கு வெச்சு உருவுவாங்க. இங்கே தளத்துக்குள்ளயே சூடு பாக்கற சென்சாரு புதைச்சிருந்தாங்க. சூடு ஏறுனா காங்கிரீட்டு சீக்கிரம் இறுகும்ங்கற கணக்குல, பலம் வந்துருச்சுன்னு அதுவே சொல்லும். சொன்ன கையோட, ஜாக்கியை அடுத்த சைட்டுக்கு ஏத்திட்டுப் போக லாரிக்கும் உத்தரவு போயிரும். சென்சாரு மூலைக்கு ஒண்ணு வெக்கணும். டவர் கிடைக்கிற மாடிப்படி மூலையில மட்டும் ஒண்ணே ஒண்ணு வெச்சாங்க. கேட்டதுக்கு, "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதங்க"ன்னு சிரிச்சாரு எஞ்சினியரு.

அந்த வாரம் பூரா பனிமூட்டம். விரல் மடங்காத குளிரு. மாரமங்கலத்துலருந்து வர ஆளுங்க நனைஞ்சு நடுங்கறாங்கன்னு மாப்பிள்ளை ஒரு தகர டின்னுல கணப்பு போட்டுக் குடுத்தாரு. காத்து அடிக்காத இடம் அந்த மாடிப்படி மூலைதான். மலையில வேலை செய்யற எவனும் அங்கேதான் போட்டிருப்பான். டீ குடிச்சோம், கை காய வெச்சோம், ஈரச் சட்டையைக் காய வெச்சோம். தலைக்கு மேல அந்தச் சென்சாரும் எங்களோட குளிர் காஞ்சுது. அடப்பாவிங்களா, ஒருத்தனுக்கும் தோணலையே! பதம் பாத்த அந்த ஒத்தைச் சோறு அடுப்பு மேல இருந்திருக்கு, பானை முழுக்கப் பச்சரிசி.

ஒருநாள் காலையில, பலம் வந்துருச்சுன்னு போன்ல பச்சை விழுந்துச்சு. லாரியும் வந்து நின்னுச்சு. "மச்சான், வேலை சீக்கிரமே முடிஞ்சுது, சேர்வராயன் கோயிலுக்குப் புள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிரலாம்"னு மாப்பிள்ளை குஷியா உருவ ஆரம்பிச்சாரு. உருவ உருவ நான் ஸ்கேன் பண்ணி ஏத்துனேன். மத்தியானம் லாரி இறங்கிப் போச்சு. மிச்சப் பலகையை எடுக்க அவரு மட்டும் உள்ளே போனாரு.

தளம் இறங்கிருச்சு.

தூசிக்குள்ளருந்து குரல் வந்துச்சு. "மச்சான், இங்கே இருக்கேன். காலு மாட்டிக்கிச்சு." உயிரோட இருக்காரு! மாடிப்படி மூலை மட்டும் அப்படியே நிக்க, மத்தது சாஞ்சு சுவத்து மேல தொத்திக்கிட்டிருந்துச்சு. நாலு ஜாக்கி முட்டுக்குடுத்தா ஆளை இழுத்துறலாம். ஜாக்கிக்கு எங்கே போக? எல்லாம் லாரியில.

டிரைவருக்குப் போன் போட்டேன். "ஏனுங்க, லோடோட இந்தக் கொண்டை ஊசியில எங்கீங்க திருப்பறது? அடிவாரம் போய்த்தான் திரும்போணுங்க"ன்னான். அவனைத் திட்டி என்ன பண்றது. சில்வர் ஓக் மரக்கட்டையை முட்டுக்குடுத்துப் பாத்தோம், வழுக்குச்சு. தளம் இன்னும் கொஞ்சம் இறங்குச்சு. தீயணைப்பு ஆளுங்களும் வந்தாங்க, அவங்க வண்டியிலயும் அந்த உயரத்துக்கு ஜாக்கி இல்லை; முட்டு இல்லாம ஒருத்தரும் உள்ளே போகக்கூடாதுன்னுட்டாங்க.

"மச்சான், லாரி எங்கே வருது?"

போனைப் பாத்தேன். ஒவ்வொரு ஜாக்கியும் எங்கே இருக்குதுன்னு துல்லியமாக் காட்டுச்சு, பாழாப்போனது. புள்ளி இன்னும் கீழேதான் போய்க்கிட்டிருந்துச்சு.

"இதா வந்துருச்சு மாப்பிள்ளை, பக்கத்து வளைவுதான்"னேன்.

கொஞ்சம் கழிச்சு மறுபடியும் கேட்டாரு. மறுபடியும் அதையே சொன்னேன். அப்புறம் அவரு கேக்கலை. நான்தான் பைத்தியக்காரனாட்டம், வந்துருச்சு, வந்துருச்சுன்னு கத்திக்கிட்டே இருந்தேன்.

பொழுது சாயறப்ப லாரி வந்துச்சு. ஒரு ஜாக்கி குறையலை. முட்டுக்குடுத்து மாப்பிள்ளையை இழுத்து, மாடிப்படி மூலையில கிடத்துனோம். கையைப் பிடிச்சேன், ஜில்லுன்னு இருந்துச்சு. பக்கத்துல அவரு மத்தவங்களுக்காகப் போட்ட கணப்பு டின்னு இன்னும் சூடாத்தான் இருந்துச்சு.