வெள்ளைக் கல்லில் ஏஞ்சல் மீன்

பள்ளி விடுமுறைக்கு மனைவியும் ஒன்பது வயது மகளும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஷார்ஜா ரோலாவில் எங்கள் ஃப்ளாட்டில் நானும் மகளுடைய ஏஞ்சல் மீனும் மட்டும். போன வருடம் அவள் விட்டுப்போன மீன் என் பொறுப்பில்தான் செத்தது. "இதையாச்சும் பத்திரமா பார்த்துக்கோங்க வாப்பா" என்று ஏர்போர்ட்டில் இரண்டு தடவை சொன்னாள்.

அவள் வரும்போது தொட்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று, பாசி படிந்த கறுப்புக் கற்களை அள்ளி வாளியில் போட்டேன். வெள்ளைக் கற்களும் புது விளக்கும் வாங்கி வைத்தேன்.

மூன்றாம் நாள் மீனின் கறுப்புக் கோடுகள் சாம்பலாக வெளுத்திருந்தன. கோடையில் இங்கே குழாய்த் தண்ணீரே கொதிக்கும். அவித்துவிட்டேனோ என்று கையை விட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. தீனியும் தின்றது. ஆனாலும் கோடுகள் மங்கிக்கொண்டே போயின. வீடியோ காலில் மகள் மீனைக் கேட்டபோதெல்லாம், "நெட் சரியில்லம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். அதே அளவில், கோடு கருகருவென்றிருந்த ஒரு மீனைக் கேட்டேன். எதற்கு என்று மலையாளிக் கடைக்காரர் விசாரித்தார். சொல்லிவிட்டேன்.

"இக்கா, அடியில எந்தா போட்டிருக்கு?"

"வெள்ளைக் கல்லு."

"பின்னே! வெள்ளையில கறுப்பா நின்னா எல்லாருக்கும் தெரியுமல்லோ? அது மறைஞ்சுக்கப் பார்க்குது. இதைக் கொண்டுபோனாலும் இதும் வெளுக்கும். மோளை ஏமாத்த முடியாது!"

மீனின் தோலில் பொடிப் பொடியாகக் கறுப்பு உண்டாம். இருண்ட இடத்தில் அது பரவுமாம், வெளிச்சத்தில் சுருங்குமாம்.

வெறுங்கையோடு திரும்பினேன். பழைய கற்களை அலசிப் போட்டு, புது விளக்கைக் கழற்றினேன். கடைக்காரர் சொன்னது சரிதானா, இல்லை நோய்தானா? சாயங்காலம் போன் வந்தது.

"இன்னைக்காச்சும் நெட் இருக்கா வாப்பா?"

கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். "கோடு வெளுத்துப்போச்சும்மா. கல்லை மாத்தினது நான்தான்."

அவள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"ஸ்ட்ரைப் இருக்கு வாப்பா. கண்ணுகிட்ட பாருங்க, லைட்டா ஒண்ணு."

கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். இருந்தது.

"டெய்லி காட்டணும். நெட் இல்லேன்னு சொல்லக் கூடாது."

மறுநாளும் காட்டினேன். கண்ணை ஒட்டிய கோடு ஒரு நூல் அளவு கறுத்திருந்தது.