சரஸ்வதி டீச்சர் கண்டியிலிருந்து கொண்டுவந்த ஆணிகள்

உரம் இல்லாமல் தேயிலைக் கொழுந்து சுருங்கிப்போன மறுவருஷம், பெட்ரோலுக்கு வண்டிகள் ராகலை டவுனைத் தாண்டி வரிசை நின்றன. அந்த வருஷந்தான் சரஸ்வதி டீச்சர் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டார். போன வியாழக்கிழமை காலை நான் பள்ளிக்கூடக் கேட்டைத் திறந்துகொண்டிருந்தபோது, சர்க்கரை கூடி நுவரெலியா ஆஸ்பத்திரியில் அவர் தவறிவிட்டார் என்று போன் வந்தது. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத காவல்காரன் நான். டீச்சரிடம் படித்த மேரி, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். டீச்சரைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

வேலையை விடாமல் படிக்கும் எம்.ஏ. அது. லீவுகளில் வருஷத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு ஒரு வாரம் கண்டியில் தங்கிப் படிக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் ஒரு வருஷம் போய்விடும். தங்கும் காசை மார்ச்சிலேயே கட்டச் சொன்னார்கள். நாங்கள் சேர்ந்து போட்ட சீட்டில் டீச்சருக்கு விழுந்ததோ ஒக்டோபர்.

மார்ச் சீட்டு மாரியாயி அக்காவுடையது. குவார்ட்டர்ஸில் தனியாக இருந்த டீச்சருக்குத் தினமும் சோறு கொடுத்தனுப்புபவர் அவர்தான். "கூரைத் தகரம் மாத்த வச்சிருந்தேன். ஒக்டோபர்ல மாத்திக்கிறேன். அதுவரைக்கும் ஒழுகுற எடத்துல சட்டி இருக்கு புள்ள," என்று மாதத்தை மாற்றிக்கொண்டார்.

கடைக்காரர் சுலைமான் நானா சும்மா இருப்பாரா? "அம்பது வயசுல படிச்சு யாருக்கு டீச்சர் பாடம் எடுக்கப் போறீங்க?"

"மொதல்ல ஒங்களுக்குத்தான் நானா. அறுபதுல ரெண்டாவது கடை போட்டீங்களே, நான் கேட்டேனா?"

ஓகஸ்ட் வாரத்துக்கு டீச்சர் போயிருந்தபோது, புதன்கிழமை, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மாரியாயி அக்காவைக் குளவி கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நானா கடையில் நாங்கள் இருவரும் நின்றோம். "டீச்சருக்குச் சொல்லிருவோம் முத்துசாமி. வாறதும் வராததும் அவங்க முடிவு," என்றார் நானா.

"வந்துருவாங்க நானா. ஒரு வருஷம் போயிரும். சொல்ல வேணாம்," என்றேன்.

அன்று சாயங்காலம் டீச்சர் எனக்குப் போன் எடுத்தார். "அக்கா ஏன் போனுக்கு வரல முத்துசாமியண்ணே?"

"அட்டன்ல மக வீட்டுக்குப் போயிருக்கு டீச்சரம்மா."

வியாழக்கிழமை அடக்கம் பண்ணினோம். சனிக்கிழமை டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கினார். கையில் ஒரு பொட்டலம். ரப்பர் வளையம் போட்ட தகர ஆணி. அக்காவின் கூரைக்கு. நான் வாய் திறப்பதற்குள் நானா முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நாந்தான் டீச்சர் மறைக்கச் சொன்னேன். முத்துசாமி என் பேச்சக் கேட்டான்," என்றார்.

டீச்சர் அழவில்லை. "வாரம் அடுத்த வருஷமும் வரும் நானா. அந்த மொகம் வருமா?" என்று மட்டும் கேட்டார். அதோடு அந்தக் கடைப்படி ஏறவேயில்லை. உப்புக்கும் ராகலைக்குப் போனார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நானாவிடம் கேட்டேன். "நீ தினமும் அவங்களுக்குப் பள்ளிக்கூடக் கேட்டத் தொறக்கணும். எனக்கு ஒரு யாவாரம் போனாப் போகுது," என்றார்.

ஒக்டோபரில் அக்காவின் சீட்டுக் காசு வந்ததும் டீச்சரே பக்கத்தில் நின்று, அக்காவின் மகன் குடியிருந்த அந்த வீட்டுக் கூரையை மாற்றினார். மிஞ்சிய ஆணிகளை என்னிடம் தந்து, "நீங்க மட்டும்னா சொல்லியிருப்பீங்கண்ணே," என்றார். நான் வாங்கிக்கொண்டேன்.

படிப்பை அவர் முடித்தார். இந்த நோன்பு மாதத்தில் நானா காலமானபோது, கடை வாசல்வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அப்போதும் பள்ளிக்கூடக் கேட்டருகில் அவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அந்த ஆணிகள் பால்மா டின்னில் இருக்கின்றன. பதினொன்று. டீச்சரிடமிருந்து எனக்கென்று இருப்பது அதுவும், அவர் என்னைப் பற்றித் தப்பாக நம்பிய அந்த ஒரு வார்த்தையும்தான். நானா மேல் யாருக்காவது இன்னும் மனத்தாங்கல் இருந்தால் விட்டுவிடுங்கள். அக்கா போய்விட்டார், நானா போய்விட்டார், டீச்சரும் போய்விட்டார். சொல்ல வேண்டாம் என்றவன் மட்டும் உயிரோடு இருக்கிறான். அவன் பெயர் முத்துசாமி.