காற்றில்லாத நாளிலும் சாயும் புகை

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லப்போகும் விஷயத்தில் பிழையில்லை.

என் மகள் பாடசாலைக் கண்காட்சிக்கு ஒரு படம் கீறினாள். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், அதை விரித்து வைத்து எனக்கு விளங்கப்படுத்தினாள். கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்தது ஒரு மண்டலமாம். அப்படி நூற்றுக்கணக்கான மண்டலங்கள் ஓரிடத்தில் திரண்டிருக்குமாம். அவற்றுக்கு நடுவே இருப்பது வெற்றிடமல்ல, மிகச் சூடான வாயு. சில மண்டலங்களின் நடுவிலிருந்து இரண்டு தாரைகள் இரு பக்கமும் பீறிடும். கண்ணுக்குத் தெரியாது, அவை விடும் ரேடியோ அலைகளைப் பெரிய அன்டெனாக்களால் பிடித்துப் படமாக்குகிறார்கள். மண்டலம் வாயுவைக் கிழித்துக்கொண்டு ஓடுவதால், தாரைகள் இரண்டும் வால்போலப் பின்னுக்குச் சாய்ந்துவிடும்.

எனக்கு உடனே விளங்கியது. துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றியிறக்கும் போட்டை இருபது வருடமாக ஓட்டுகிறேன். இலை அசையாத காலையிலும், போட்டு ஓடத் தொடங்கினால் அதன் எஞ்சின் புகை பின்னுக்குத்தான் சாயும்.

கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். நடுவராக வந்தவர் படத்தின் கீழ் அவள் எழுதியிருந்த நான்கு வரியையும் வாசிக்கவில்லை. சிவப்புப் பேனையால் அந்த வால்களைக் குறுக்கே வெட்டினார்.

"ஆகாயத்தில ஏது காத்து, புள்ள? கச்சான் காத்து அடிச்சு வளைஞ்சதோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"காத்தில்ல சேர், சூடான வாயு. மண்டலம் அதுக்குள்ள ஓடக்குள்ளதான் வளையுது," என்றாள் மகள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே தகப்பன்? வெறும் வெளியில ஒண்டும் வளையாதெண்டு பிள்ளைக்குச் சொல்லுங்கோ."

"ஓம் சேர்," என்று ஒத்துக்கொண்டேன்.

படித்தவர், பதவியில் இருப்பவர், வாசிக்காமலே வெட்டிவிட்டார். அவர் மேல் எனக்கு ஆத்திரம். தெரிந்திருந்தும் தலையாட்டிய என் மேல் அதைவிட ஆத்திரம்.

பஸ்ஸில் வரும்போது மகள் சொன்னாள்: "நீங்களும் ஓம் எண்டிட்டீங்க, வாப்பா."

"பெரிய மனிசன், மகள்..."

"அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே."

வீட்டுக்கு வந்ததும் படத்தைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் செருகினாள். அதற்குப் பிறகு அவள் எதையும் குசினியில் விரித்து எனக்குக் காட்டவில்லை.

சபையில் வாய் திறக்க எனக்கு ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன். இதில் ஒரு பிரதியை நடுவருக்குக் கொடுக்கும்படி நாளை பாடசாலை அதிபரிடம் கொடுப்பேன். மற்றதைப் படத்தின் பின்பக்கம் ஒட்டி, படத்தைக் குசினிச் சுவரில் மாட்டுவேன். மகள் கீறியது சரி. நான் சொன்ன ஓம்தான் பிழை.

ஓகஸ்ட் பதினான்காம் திகதி, வெள்ளிக்கிழமை.