பெனிமக்லெட்டில் கடைசி ஆள்

வெள்ளி, காலை 10.35. லண்டன் ஸ்டான்ஸ்டெட்டில் ஏறிய விமானம் இரண்டே கால் மணி நேரத்தில் ஸ்பெயினின் வலென்சியாவில் இறக்கிவிட்டது. அங்கிருந்து மூன்றாம் இலக்க மெட்ரோ நகரத்தின் நடுவைக் கடந்து அரை மணி நேரத்தில் பெனிமக்லெட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது. சுற்றுலாக்காரர் தேடி வருகிற இடமில்லை இது. இரண்டு மாடி வீடுகள், பல்கனிகளில் காயும் உடுப்புகள், தேவாலயத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சதுக்கம். கொஞ்சம் நடந்தால் வெங்காயமும் கீரையும் விளையும் தோட்டங்கள்.

நானும் ஊர் பார்க்க வரவில்லை. மகள் அபிரா இங்கே மூன்று மாதமாகத் தற்காலிக வேலையில் இருக்கிறாள். அதை நிரந்தரமாக்குகிறார்களாம். திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து. "நீங்கள் வந்து பாருங்கோ அப்பா. உங்களுக்குப் பிடிக்காட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்று போனில் சொல்லியிருந்தாள். மனைவி காலமான பிறகு லண்டன் இல்ஃபோர்ட் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

சனி, காலை 11.15. சந்தைக்குப் போனோம். இல்ஃபோர்டில் தபால் கந்தோர் கவுன்டரில் எனக்குப் பத்தொன்பது வருசம். வரிசையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். அபிரா தக்காளி வாங்கப் போக, நான் மீன் கடைக்கு முன்னால் நின்றேன். சூடை மீன் கிலோ ஆறு யூரோ, கணவாய் பதினான்கு. வரிசை என்று ஒன்றையும் காணவில்லை. எனக்குப் பிறகு வந்த ஒரு கிழவர் தூணில் போய்ச் சாய்ந்துகொண்டார். ஒருத்தி பக்கத்துக் கடையில் சீஸ் ருசிபார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் எல்லாரையும் பார்த்து ஏதோ கேட்டுவிட்டு அவரவர் பாட்டுக்குத் திரிந்தார்கள். எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் எனக்கு முன்னால் மீனோடு போனார்கள். நாலாவது ஆளும் போனபோது எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. என் நிறத்தைப் பார்த்துத்தான் என்று முடிவு கட்டினேன்.

"வா, போவம்," என்றேன், அபிரா வந்ததும். "மனிசரை மதிக்காத ஊர். இங்க நீ இருக்க ஏலாது."

உண்மையை ஏன் மறைக்க வேண்டும்? அந்தக் கோபத்துக்குள்ளே எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் அகப்பட்டுவிட்டது.

அவள் சிரித்தாள். "அப்பா, ரிலாக்ஸ். வந்தவுடனை 'கடைசி ஆர்?' எண்டு கேட்டனீங்களோ?"

"என்னத்துக்குக் கேக்கோணும்? நான் நிக்கிறது தெரியேல்லையோ?"

"சும்மா நிண்டால் கணக்கில்லை. கேட்டால் ஒராள் கையைக் காட்டுவார். அவருக்குப் பிறகு நீங்கள். அதுக்குப் பிறகு எங்க வேணுமெண்டாலும் போய் வரலாம், உங்கட இடம் இருக்கும்."

அவள் கடைக்காரியிடம் ஏதோ விளக்கினாள். தூணில் சாய்ந்திருந்த கிழவர் உடனே நிமிர்ந்து, அடுத்தது தன் முறை, அதை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று கையால் காட்டினார். நான் மீனைச் சும்மா பார்க்க வந்தவன் என்று நினைத்துவிட்டாராம், மன்னிப்பும் கேட்டார். வெட்கத்தோடு அரைக் கிலோ சூடை வாங்கினேன். ஆனாலும் ஒரு நல்ல மனிதரை வைத்து ஊரை மெச்சிவிட முடியாது என்று, மனசு வேறு காரணம் தேடத் தொடங்கியது.

ஞாயிறு, காலை 9.40. அபிரா பேக்கரிக்குள் போய்க் கடைசி ஆளைக் கேட்டுவிட்டு நின்றாள். நான் எதிரே சதுக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே வந்து தேவாலயத்து மூலையால் திரும்பி மறைந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முறை வந்திருக்க வேண்டும். கடைக்குள் பேச்சு நின்றது, யாரும் முன்னால் நகரவில்லை. நாயோடு நின்ற ஒரு பெண் வாசல்படிக்கு வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்து, "அபீர்ரா!" என்று கூப்பிட்டாள்.

பெயர் சொல்லி!

இல்ஃபோர்டில் நான் "நெக்ஸ்ட்" என்று கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்தவர் வந்துவிடுவார். விட்டுப் போனவர் யார், ஏன் போனார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் தெருவில் இருபத்திரண்டு வருசமாகக் குடியிருக்கிறோம், பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அபிரா ஓடி வந்து, தன் முறையில் பாண் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை.

மாலை 4.10. மெட்ரோ மேடைவரை வந்தாள். ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நீங்கள் தனிய இருப்பீங்களே, அப்பா," என்றாள்.

"ஓம், தனியத்தான் இருப்பன்," என்றேன். அந்தப் பயத்தை அவளிடம் முதல்தரம் வாய்விட்டுச் சொன்னேன். "அதுக்காக நீ வேலையை விடக்கூடாது. நாளைக்குப் போய்க் கையெழுத்தை வை."

ரயில் புறப்பட்ட பிறகுதான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு கைலேஞ்சியை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் காணாவிட்டால் என் பிள்ளையைத் தேடிக் கூப்பிட அந்த ஊரில் ஆள் இருக்கிறது. நாயோடு நின்ற அந்தப் பெண்ணுக்கு நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.