வாசல் சுவரில் இல்லாத பெயர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் இந்த ஊரில் என் கை படாமல் பாடிய ரேடியோ கிடையாது. அந்தக் கையால்தான் என் தம்பியைப் பட்டம் வாங்க வைத்தேன்.

ரேடியோ ரிப்பேருக்கு வந்தால் மற்ற கடைக்காரன் கோளாறை மட்டும் கேட்பான். நான் மூன்று கேள்வி கேட்பேன். வீட்டில் குமிழைத் திருப்புவது யார்? எந்த நேரத்தில்? எந்த நிகழ்ச்சிக்காகச் சண்டை வரும்? பதிலைச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். திருப்பிக் கொடுக்கும்போது முள் அவர்களுடைய நிலையத்தில் நிற்கும். அதற்காகவே தேடி வந்தார்கள்.

தம்பி அருங்காட்சியகம் வடிவமைக்கிறவன். பத்திரிகையும் ரேடியோவும் டிவியும் நம் வீடுகளை என்ன செய்தன என்று காட்டும் வேலை அவனிடம் வந்தது. வழி தெரியாமல் என் கடையில் வந்து உட்கார்ந்தான்.

"கண்ணாடிப் பெட்டியில வெச்சா எவன்டா பார்ப்பான்? வர்றவங்கள கேளு. அவங்க வீட்டு ரேடியோவா அது பேசணும்."

"அண்ணே, நீ மட்டும் படிச்சிருந்தா நான் உன்கிட்ட கைகட்டி நின்னிருப்பேன். வாசல்ல உன் பேருதான் முதல்ல!"

எட்டு மாதம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ரேடியோ சீட்டுகளை மூட்டையாகக் கொடுத்தேன்.

திறப்பு விழாவில் ஒரு திரை என் மூன்று கேள்விகளை அதே வரிசையில் கேட்டது. பதில் சொன்னவர்களுக்கு அவரவர் வீட்டு நிகழ்ச்சி ஒலித்தது. ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு வாசல் சுவரைப் பார்த்தேன். ஆறு பெயர்கள், முதலில் தம்பி. எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தேன். நான் இல்லை.

"எங்கடா?"

"பட்டம் வாங்கினவங்க பேரத்தான் போடணும்னு மேல சொல்லிட்டாங்கண்ணே. நீ வீட்டாளு, தப்பா எடுத்துக்காத."

பக்கத்தில் ஏணியை மடக்கிக்கொண்டிருந்த பெயிண்டர் வெள்ளந்தியாகச் சொன்னார்: "மேல யாருங்க? இந்த சார்தான் கைப்பட எழுதிக் குடுத்தாரு."

தம்பி செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். அது அடிக்கவே இல்லை.

போன வாரம், அங்கே அடுத்துத் திறக்கப்போகும் டிவி பகுதிக்கு விவரம் கேட்டு வந்தான். ரிப்பேருக்கு வந்த டிவிகளுக்கும் நான் எழுதி வைத்த சீட்டுகள் எல்லாம் பீரோவில் பத்திரமாக இருந்தன.

"அந்தச் சீட்டெல்லாம் கரையான் அரிச்சிடுச்சுடா."

"சரி, ஞாபகத்துலேர்ந்து சொல்லுண்ணே."

"ஞாபகம் இல்ல."

அவனிடம் நான் சொன்ன முதல் பொய். கண்டுபிடிப்பான் என்று முகத்தையே பார்த்தேன்.

"உனக்கும் வயசாயிடுச்சில்ல" என்று தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனான்.